போன் கால வச்சு தீவிரவாதியப் பிடிக்க முடியுமா? கேள்வி பதில்

நான் பெங்களூருல பேங்க் மோசடி பிடிக்கிற டீம்ல கிராஃப் அனாலிட்டிக்ஸ் பண்றவன், அதாவது யார் யாரோட தொடர்புல இருக்காங்கன்னு புள்ளியும் கோடுமா வரைஞ்சு அலசுறவன், போலீஸ் இல்ல. தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

கார்த்தி, பெல்லந்தூர்: அண்ணா, இது நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல சினிமா பில்டப்பா?

வேலை செய்யுது தம்பி, ஆனா முக்கால்வாசி சம்பவம் நடந்தப்புறம் தான். 9/11 முடிஞ்சதும் வால்டிஸ் கிரெப்ஸ்னு ஒருத்தர் வெறும் பேப்பர் நியூஸ வச்சே விமானத்த கடத்தின அந்த 19 பேரோட தொடர்பு வலைய வரைஞ்சாரு, கும்பல் தலைவன் முகமது அட்டா நடுவுல வந்து நின்னான். அதவிட எனக்கு பிடிச்சது என்னன்னா, பழைய நம்பிக்கையான பழக்கத்த மட்டும் கோடா போட்டா ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர்கிட்ட போக சராசரி 4.75 படி, அத்தன சின்ன கும்பலுக்கு இது ரொம்ப தூரம், வேணும்னே அப்படி வச்சிருந்தாங்க, ஒருத்தன் மாட்டினா மத்தவன் மாட்டக்கூடாதுன்னு. நடுநடுவுல போட்ட மீட்டிங்கையும் சேர்த்தா 2.79க்கு இறங்கிடுது. அப்போ கண்ணு வைக்க வேண்டியது அந்த மீட்டிங் மேல.

சுமதி, அல்சூர்: அதிகமா யாரோட பேசுறாங்களோ அவங்க தானே தலைவன்?

இல்லக்கா! ஏரியாவுல தண்ணி கேன் போடுற பையனோட சிடிஆர், அதாவது யாருக்கு எப்போ போன் பண்ணான்ங்கிற பதிவ எடுத்தீங்கன்னா அவன் தான் ஊருக்கே தாதா மாதிரி தெரிவான். பெரிய ஆளு போனையே தொட மாட்டான். அதனால தான் பிட்வீன்னஸ்னு ஒன்னு பாப்போம், அதாவது ரெண்டு குழுவுக்கு நடுவுல பாலமா யார் இருக்காங்கன்னு. அதுலயும் சேதி கொண்டு போற கூரியர் தான் சிக்குவான், ஆனா அவன் பின்னாடி போனா மேல போகலாம்.

ரஹீம், சிவாஜிநகர்: சார், சும்மா சொந்தக்காரங்க கூட பேசினதுக்கு அப்பாவிய புடிச்சு உள்ள வச்சிட்டா?

நியாயமான பயம். கணக்கு போடுவோம், 100 கோடி நம்பர், சிஸ்டம் 99.9 சதவீதம் சரின்னே வைங்க, அப்பவும் 10 லட்சம் அப்பாவி மாட்டுவாங்க. கற்பனை இல்ல சார், அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏ பாகிஸ்தான் போன் டேட்டாவுல ஸ்கைநெட்னு சந்தேக ஆளுங்கள தேடுற ஒரு புரோகிராம் ஓட்டினப்போ அல் ஜசீராவோட இஸ்லாமாபாத் பியூரோ சீஃப் அகமது ஸைதான் பேரு மேல வந்துச்சு, 2015ல அந்த டாக்குமெண்ட் லீக் ஆச்சு. ரிப்போர்ட்டர்னா நாலு பேர போய் பாக்கத்தானே செய்வாரு! என்னக் கேட்டா கிராஃப் குடுக்கறது விசாரிக்க ஒரு பேரு மட்டும் தான், அதையே ஆதாரமா கோர்ட்ல வைக்கிறது அநியாயம்.

பிரியா, ஒயிட்ஃபீல்ட்: இந்தியாவுல இருக்கா?

நாட்கிரிட். 2008 மும்பை தாக்குதலுக்கு அப்புறம் வந்த ஐடியா, தனித்தனியா கிடக்கற டேட்டாவ ஒரே இடத்துல தேட.

வெங்கட், ஹோசூர் ரோடு: பையன் எம்டெக் ப்ராஜெக்டா இத எடுக்கலாமா சார்?

தாராளமா. இந்தோனேசியாவுல நூர்தின் டாப்னு ஒரு தீவிரவாதியோட கும்பல் பத்தின டேட்டா பப்ளிக்கா இருக்கு, வலைய வரைஞ்சு அலச கெஃபிங்கிற சாஃப்ட்வேர், இல்ல பைத்தான்ல நெட்வொர்க்எக்ஸ் போதும். ஒன்னு மட்டும் செய்யச் சொல்லுங்க, வலையில இருக்கற தொடர்புக் கோடுங்கள்ல பத்து சதவீதத்த கண்டபடி அழிச்சிட்டு கணக்க திரும்ப ஓட்டணும், ஏன்னா நிஜத்துல டேட்டா எப்பவுமே ஓட்டை தான். டாப் அஞ்சு பேரு மாறிட்டாங்கன்னா கைடுகிட்ட அந்த லிஸ்ட்ட காட்ட வேணாம்.