அலாய் மாற்றிய போலோவில் போல்ட் தளர்கிறதா? 140 வேண்டாம்

ஃபோக்ஸ்வாகன் போலோ காருக்கு அலாய் சக்கரம் மாற்றியபின் சக்கர போல்ட் தளர்கிறது, 140 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 140-க்குப் போகாதீர்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர்தான். அதை டார்க் ரெஞ்ச்சில் (குறித்த அளவு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனர்) சரியாக வைத்தும், காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போய் வருவதற்குள் தளர்கிறது என்றால் கோளாறு இறுக்கத்தில் இல்லை, போல்ட் உட்காரும் இடத்தில்.

என் சந்தேகம் நீங்கள் வெளியில் வாங்கிப் போட்ட அலாய் மேல். கம்பெனி போல்ட்டின் தலைக்கு அடிப்பகுதி உருண்டை. வெளி அலாய்கள் பலவற்றில் துளை கூம்பு வடிவம். பழைய போல்ட்டையே போட்டால் இரண்டும் ஒரு மெல்லிய வளையத்தில்தான் தொடும். ரெஞ்ச் என்னவோ 'டக்' என்று சொல்லிவிடும். வண்டி ஓட ஓட அந்த விளிம்பு அமுங்கிப் பிடி போய்விடும்.

ஒரு போல்ட்டைக் கழற்றித் துளைக்குள் டார்ச் அடியுங்கள். அகலமான தடம் இல்லாமல் மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் அதேதான். அதே மரை அளவில், அதே நீளத்தில் கூம்பு போல்ட் வாங்குங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்தச் சக்கரமே வேண்டாம்.

வடிவம் பொருந்துகிறதா? சரி, அப்படியானால் ஹப் முகத்தை, அதாவது வண்டியில் சக்கரம் போய் ஒட்டி உட்காரும் தட்டையான பரப்பை, பாருங்கள். துருவும் நம்ம ஊர்ச் செம்மண்ணும் அப்பியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

மரையில் எண்ணெய் விடக் கூடாது. டயர் கடைத் தம்பி அன்பாக ஒரு சொட்டு விட வந்தாலும் தடுத்துவிடுங்கள். எண்ணெய் பட்டால் அதே 120-லேயே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

அப்புறம், 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கரம் ஆறிய பிறகு ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். புது போல்ட் வரும்வரை பழைய கம்பெனி சக்கரத்தையே கம்பெனி போல்ட்டோடு மாட்டி ஓட்டுங்கள்.