கிதாரோடு மிருதங்கம் சேருமா?

கேள்வி: கிதார், டிரம்ஸ் ஆகியவற்றுடன் மிருதங்கத்தையும் வயலினையும் சேர்த்து எங்கள் கல்லூரியில் ஒரு ராக் குழு அமைத்திருக்கிறோம். ராகத்தைக் கெடுக்கிறோம் என்று என் பாட்டு வாத்தியார் கடிந்துகொள்கிறார். அவர் சொல்வது சரிதானா?
– ஒரு மாணவி, நாகர்கோவில்

பதில்: பாதி சரி. அவருடைய அச்சத்துக்குக் காரணம் கிதார் அன்று, அதில் வாசிக்கப்படும் கார்டு, அதாவது பல சுரங்களின் சேர்க்கை. தோடி ராகத்தில் காந்தாரம் என்னும் ‘க’ சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்த அசைவே அதன் உயிர். அசையும் அந்தச் சுரத்தின் மேல், மூன்று சுரங்களை ஒருசேர நிறுத்தி ஒலிக்கும் கார்டை வைத்தால் இரண்டும் மோதத்தான் செய்யும். ராக் இசைக்காரர்கள் விரும்பிக் கையாளும் ‘பவர் கார்டு’ இங்கே உதவிக்கு வருகிறது. அதில் ‘ச’ என்ற ஷட்ஜமும் ‘ப’ என்ற பஞ்சமமும் மட்டுமே உண்டு, காந்தாரம் கிடையாது என்பதால், தம்புரா செய்யும் வேலையைத்தான் அது சற்று இரைச்சலாகச் செய்கிறது. ஆனால் பஞ்சமமே இல்லாத ஹிந்தோள ராகத்தில் இதே உத்தியைக் கையாண்டால் ராகம் அங்கேயே குலைந்துவிடும்.

இன்னொரு சிக்கல் சுருதி. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை ஒரே சுருதிக்குச் சேர்க்கப்படுவது. பாட்டின் நடுவே கிதார் வேறு சுருதிக்குத் தாவினால் மிருதங்கம் தனித்து நின்று உறுத்தும். ஆகவே எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பாட்டு முழுவதும் அதிலிருந்து நகராமல் இருங்கள். தாளத்தில் அவ்வளவு தொல்லை இல்லை. ஆதி தாளம் டிரம்ஸ்காரரின் நான்கு தட்டுகளுக்குள் தானாகவே அடங்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவுக்கு மட்டும் அவர் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

வயலினும் மேனாட்டிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் காலத்தில் அது கர்நாடக இசைக்குள் நுழைந்தது என்பதை, வாத்தியார் நல்ல மனநிலையில் இருக்கும்போது நினைவூட்டிப் பாருங்கள்.

கேள்வி: இவ்வகைக் குழுக்களில் முதலில் யாரைக் கேட்கலாம்?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ‘இந்தியன் ஓஷன்’ குழுவைக் கேளுங்கள். 1990-ல் தில்லியில் கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடக்கூடிய அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கிய குழு அது. பல குழுக்களில் நம் வாத்தியம் இலையோரத்து ஊறுகாயாக வந்து போகும். இவர்களிடம் தபலாவே சோறு. 2000-ல் வெளிவந்த ‘கந்தீசா’ தொகுப்பின் தலைப்புப் பாடல், கேரளச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் பாடிவரும் பழைய வழிபாட்டுப் பாடல். குமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் உள்ள அரப்பள்ளி என்னும் தேவாலயம் அதே மரபைச் சேர்ந்தது என்பதால், நம் மாவட்டத்தாருக்கு அந்தப் பாடல் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. சக்ரவர்த்தி 2009-ல் மறைந்தார். சென் 2013-ல் விலகினார். அவர்கள் இருவரும் இருந்த காலத்துப் பதிவுகளையே நான் முதலில் கேட்கச் சொல்வேன்.

நீங்கள் கர்நாடக இசையின் பக்கம் நிற்பவர் என்றால் பெங்களூரின் ‘அகம்’ குழுவைத் தேடுங்கள். அதன் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் வயலினும் வாசிப்பவர். சில இடங்களில் டிரம்ஸ் குரலை விழுங்கிவிடுகிறது என்பது என் குறை.

கேள்வி: நம் ஊர் வில்லுப்பாட்டின் குடத்தை ராக் குழுவில் சேர்க்க முடியுமா?
– ஒரு வாசகர், சுசீந்திரம்

பதில்: முடியும். ஆனால் வில்லைவிடக் குடத்தைச் சேர்ப்பதுதான் கடினம். வீசுகோல் நாணில் படும்போது எழும் மணியோசை எவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும். குடத்தின் ‘கும்’ என்ற ஒலியோ, பேஸ் கிதாரும் டிரம்ஸ்காரர் காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் ஒலிக்கின்ற அதே தாழ்ந்த பகுதியில் விழுந்து காணாமல் போய்விடும். மைக்கைக் குடத்தின் வாயருகே வைத்தால் மட்டும் போதாது. குடம் பேசும் இடங்களில் டிரம்ஸ்காரர் தம் காலை எடுத்துவிட வேண்டும். கோயில் கொடை விழாக்களில் வாசித்துப் பழகிய ஒருவரை ஒத்திகைக்கு அழைத்துவந்து, கிதார்காரர்களை முதல் நாள் முழுவதும் வெறுமனே கேட்கச் சொல்லுங்கள்.