டிரம்மில் காய்ச்சும் பெட்ரோல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மைத்துனர் ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு இரும்பு டிரம், அடியில் அடுப்பு, உள்ளே பழைய கேரி பேக்குகள். பக்கவாட்டுக் குழாயில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்குகிறது. அதை பைக்கில் ஊற்றி ஓட்டியும் காட்டுகிறார்கள். இந்த இயந்திரத்தைப் போட்டுத்தர ஒரு கம்பெனி அவரிடம் 12 லட்சம் கேட்கிறதாம். எனக்கு மூலிகை பெட்ரோல்தான் ஞாபகம் வந்தது. அப்போது நான் பத்தாம் வகுப்பு, எங்கள் சயன்ஸ் வாத்தியாரே நம்பினார். இதுவும் அப்படித்தானா? உண்மை என்றால், இவ்வளவு பிளாஸ்டிக் ஏன் இன்னும் குப்பைமேட்டில் கிடக்கிறது?

கு., திண்டுக்கல்

அன்புள்ள கு.,

வீடியோவில் இருப்பது பொய் இல்லை. மூலிகை பெட்ரோலோடு இதைச் சேர்க்காதீர்கள். 1996ல் ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் என்று காய்ச்சிக் காட்டிய அந்தப் பானையில் இருந்தது தண்ணீரும் ஒரு பிடி இலையும். பானை நிறையப் பெட்ரோலுக்கு வேண்டிய கரிமம் அதில் ஏது? அந்த ஒரு கேள்வியிலேயே விழுந்திருக்க வேண்டிய விஷயம், 2016ல் சென்னை நீதிமன்றம் மோசடி என்று தண்டனை கொடுக்கும்வரை இழுத்தது. உங்கள் வாத்தியாரை மன்னித்துவிடுங்கள், பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள்.

கேரி பேக் கதை வேறு. அது பிறந்ததே எண்ணெயிலிருந்து. பாலித்தீன் என்பது கரிம அணுக்கள் கைகோத்து நிற்கும் சங்கிலி, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு ஹைட்ரஜன். ஆயிரக்கணக்கில் கோத்திருந்தால் பை. இருபது முப்பது என்றால் மெழுகுவர்த்தி. பத்திலிருந்து இருபதுக்குள் டீசல், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் பெட்ரோல், மூன்று நான்கு என்றால் உங்கள் அடுப்படி சிலிண்டர். நீளம்தான் வித்தியாசம்.

எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் தரம் பிரிக்கும் அம்மா ஒருவருக்கு இது நன்றாகத் தெரியும். கவரைக் காதோரம் வைத்துக் கசக்குவார். மொறுமொறு என்றால் பி.பி., அதாவது பாலிபுரோப்பிலீன்; சத்தமில்லாமல் இழுத்த இழுப்புக்கு நீண்டால் எல்.டி. என்கிற மெல்லிய பாலித்தீன். சந்தேகம் வந்தால் வாளித் தண்ணீரில் போடுவார். மிதப்பது ஒரு மூட்டை, முழுகுவது வேறு மூட்டை. அதிலும் தீராவிட்டால் நுனியைக் கொளுத்தி முகர்வார். மெழுகுவர்த்தி வாசம் வந்தால் பாலித்தீன். மூக்கைக் குத்தினால் பி.வி.சி. அந்த மெழுகு வாசனைதான் நான் மேலே சொன்ன வேதியியல் முழுவதும்.

ஆக, வேலை சங்கிலியை வெட்டுவது. காற்றுப் புகாமல் நானூறு ஐந்நூறு டிகிரிக்குச் சூடேற்றினால் தானாகவே அறுபடும். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு அரிவாள் வீசுகிற மாதிரி. எங்கு அறும் என்று கணக்கில்லை. வாயுவும் வரும், எண்ணெயும் வரும், நிறைய மெழுகும் வரும். அந்த மெழுகு குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். இங்கேதான் வினையூக்கி வருகிறது, தான் தீராமல் வேதிவினையை விரைவாக்கும் பொருள். அதிகம் பயன்படுவது சியோலைட். பார்க்க வெள்ளை மாவு. அலுமினியமும் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் கூடிக் கட்டிய கூடு, உள்ளே அமிலத்தன்மை. பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளில் பல பத்தாண்டுகளாக இருக்கும் சரக்குதான். இசட்.எஸ்.எம்-5 என்ற வகையில் துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபது லட்சத்தில் ஒரு பங்கு. முழுச் சங்கிலி வெளிப்பரப்பில் முதலில் அறுபட, துண்டுகள் துளைக்குள் நுழைந்து இன்னும் சிறுத்து, கிளைவிட்டும் வளையமாகியும் வெளியே வரும். பெட்ரோலுக்கு வேண்டியது அந்தக் கிளையும் வளையமும்தான். சூடும் குறைவாகப் போதும்.

இதை நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். டேராடூனில் இருக்கும் இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தில் 2019ல் ஒரு ஆலை திறந்தார்கள். நாளுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கைப் போட்டால் 800 லிட்டர் டீசல் என்பது கணக்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில் 2020-21ல் நாட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பை 41 லட்சம் டன், அதாவது நாளொன்றுக்குப் பதினோராயிரம் டன்னுக்கு மேல். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அப்படியானால் பதினோராயிரம் ஆலை போடலாமே என்று கேட்பீர்கள். குப்பைமேட்டுப் பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பார் ஒட்டிய கவர், உள்ளே அலுமினியப் பூச்சுள்ள சிப்ஸ் பாக்கெட், நடுவில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு. சூடேறியதும் அந்தப் பி.வி.சி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும், இரும்பைத் தின்னும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகையில் ஆக்ஸிஜன் உண்டு. அது அமிலமாகி, குளிர்ந்த இடத்தில் படிகமாகப் படிந்து குழாயை அடைக்கும். சியோலைட் மேலோ கரி படிந்துகொண்டே வரும். அடிக்கடி காற்றில் எரித்துக் கழுவி எடுத்தால்தான் மறுபடி வேலை செய்யும். வீடியோவில் இதெல்லாம் வராது. அங்கே போடுவது வேறெதுவும் கலக்காத வெறும் கேரி பேக்.

இன்னொன்று, இது என் சொந்த எரிச்சல். வந்த எண்ணெயை டீசலாக எரிப்பதைப் ‘பசுமை’ என்கிறார்களே. ஒரு கிலோ பாலித்தீன் முழுதும் எரிந்தால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கரியமில வாயு. டீசலும் அவ்வளவுதான். பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய் ஒரு தடவை கத்திரிக்காய் சுமந்துவிட்டுப் பிறகு புகையாகிறது. குப்பைமேட்டில் திறந்தவெளியில் எரிவதைவிட நூறு மடங்கு நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் மாலை போட வேண்டாம்.

எனக்கு ஆசை காட்டுவது வேறொரு வழி. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஹார்ட்விக் குழு 2022ல் விலையுயர்ந்த உலோகங்களை வைத்துத் தொடங்கிய வேலையை, 2024ல் மலிவுச் சரக்கில் செய்து காட்டியது. அலுமினா மேல் சோடியம், சிலிக்கா மேல் டங்ஸ்டன் ஆக்ஸைடு, 320 டிகிரி, கூடவே எத்திலீன் வாயு. சோடியம் சங்கிலியைத் துண்டாக்கி, நுனியில் ஓர் இரட்டைப் பிணைப்பை விடுகிறது. டங்ஸ்டன் அந்த நுனியைப் பிடித்து, மாலையிலிருந்து மணி உருவுகிற மாதிரி ஒவ்வொரு துண்டாகக் கழற்றுகிறது. பாலித்தீனிலிருந்து புரோப்பிலீன் வாயு, பாலிபுரோப்பிலீனிலிருந்து புரோப்பிலீனோடு ஐசோபியூட்டிலீன் என்ற இன்னொரு வாயுவும். கலந்து போட்டாலும் தொண்ணூறு சதவீதத்தை நெருங்கிய விளைச்சல். புரோப்பிலீனை எரிக்க வேண்டியதில்லை, மறுபடி நாற்காலியாக்கலாம், வாளியாக்கலாம். ஆய்வுக்கூட அளவில்தான், ஆலை அளவில் இல்லை. அதிலும் கொஞ்சம் பெட்டோ பி.வி.சி.யோ கலந்துவிட்டால் விளைச்சல் சரிந்துவிடுகிறது. பெர்க்லியானாலும் முதலில் வேண்டியது வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாதான்.

மைத்துனருக்கு வருகிறேன். கம்பெனிக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சுத்தமாகத் தரம் பிரித்த சரக்கு மாதம் எத்தனை டன், யார் தருவார், கிலோ என்ன விலை? எண்ணெயோடு வரும் வாயுவையும் கரியையும் என்ன செய்வது? தரச்சான்றும் உரிமமும் இல்லாமல் டீசல் என்று விற்க முடியாதே, எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்பவர் யார்? டிரம்முக்குள் காற்றுப் புகுந்தால் வெடிக்கும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். முன்பணம் கட்டுவதற்குள் திண்டுக்கல்லில் ஏதாவது காயலான் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். நல்ல எல்.டி. கவர் அங்கே வந்த அன்றே விலைபோய்விடும். டிரம்முக்கு மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத சிப்ஸ் பாக்கெட்.