டிப்ளமோ சிவில் முடித்து நான்கு வருடம் சைட்டில் வேலை பார்த்தவர், 26 வயதில் படிக்கத் தொடங்கி ஆர்க்கிடெக்ட் ஆக முடியுமா?

முடியும். வயது ஒரு தடையே இல்லை. வழக்கறிஞராக இருந்த இலங்கையின் ஜெஃப்ரி பாவா, லண்டனில் கட்டடக்கலை படித்துத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில்.

ஆனால் பி.இ.யில் சேர்வதுபோல நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான பட்டப்படிப்பான பி.ஆர்க்கில் அப்படி லேட்டரல் என்ட்ரி கிடையாது. கணிதம் படித்த மூன்றாண்டு டிப்ளமோ உள்ளே நுழையத் தகுதி தரும், அவ்வளவுதான். முதலாண்டிலிருந்து ஐந்தாண்டு, பத்து செமஸ்டர் படித்தாக வேண்டும்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்முன், ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் இணையதளத்தில் அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லாத இடத்தில் படித்தால் பட்டம் கையில் இருக்கும், பதிவு எண் கிடைக்காது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது. சிவில் இன்ஜினியர்கள் கோபப்பட வேண்டாம். வீடு வடிவமைப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, 2020இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. தடை அந்தப் பட்டப்பெயருக்கு மட்டும்தான்.

பி.ஆர்க் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான நாட்டா 200 மதிப்பெண். அதில் 80 கையால் வரைவதற்கும் மாதிரி செய்வதற்கும். சைட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது மனித உருவங்களில். சமதரையில் நீங்கள் நின்று பார்த்தால், கிட்டே நிற்பவர், தூரத்தில் நிற்பவர் எல்லோருடைய கண்ணும் ஏறக்குறைய ஒரே தொடுவானக் கோட்டில்தான் வரும். கால்தான் மேலே ஏறும். தூரத்து ஆளின் தலையைக் கீழே இறக்கினால் அவர் பள்ளத்தில் நிற்பதுபோல இருக்கும்.

இப்போதே உங்கள் வீட்டை அளந்து 1:50 அளவில், அதாவது 50 செ.மீ. நீளம் தாளில் 1 செ.மீ. ஆக வரும்படி வரையுங்கள். நான்கு சுவரோடு நிறுத்தாமல் மூலைவிட்டத்தையும் அளங்கள். 10க்கு 12 அறை என்றால் 15 அடி 7½ அங்குலம் வர வேண்டும். வரவில்லையென்றால் அறையின் மூலைகள் செங்கோணத்தில் இல்லை. இதை விட்டால் அடுத்த அறையை வரையும்போது சுவர் சேராது.

சைட் அனுபவத்தைச் சிறிதாக நினைக்காதீர்கள். இன்று எலிவேஷன் எனும் முகப்புப் படம் ஒன்றைக் காட்டி வீட்டை விற்றுவிடுகிறார்கள், படிக்கட்டை யாரும் கணக்குப் போடுவதில்லை. தளத்துக்குத் தளம் 10 அடி, ஒரு படி 6 அங்குல உயரம் என்றால் ஏற வேண்டிய படி உயரங்கள் 20. நடுவில் திரும்பும் இரண்டு ஏற்றமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 10 உயரம், கால் வைக்கும் மிதி 9 (கடைசி உயரம் லேண்டிங்கிலோ தளத்திலோ போய் முடியும்). 10 அங்குல மிதிக்கு 7½ அடி, திரும்பும் இடமான லேண்டிங் 3 அடி, மொத்தம் 10½ அடி நீளம் வேண்டும். ப்ளானில் 8 அடி விட்டுவிட்டு மேஸ்திரியிடம் சமாளிக்கச் சொன்னால், அவர் ஏற்றத்துக்கு 6 மிதிதான் வைக்க முடியும். மொத்தம் 14 உயரம், ஒவ்வொரு படியும் எட்டரை அங்குலத்துக்கு மேல். அந்த வீட்டில் முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி மாடிக்கே போக மாட்டார்.