கோட்டில் பூ: களியக்காவிளைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, இங்கிலாந்தில் கூட வேலை செய்பவரின் கல்யாணத்தில் உன்னை அஷராக, அதாவது வருகிறவர்களுக்கு வழிகாட்டி உட்கார வைப்பவராக, நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், கோட்டில் பூ குத்த வேண்டுமாம். அதை நாமே வாங்க வேண்டுமா, எந்தப் பக்கம் குத்துவது, ஆண்பிள்ளை பூ வைத்தால் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டிருக்கிறாய். யாரும் சிரிக்க மாட்டார்கள். அஷர் பூ இல்லாமல் நின்றால்தான் ஆளாளுக்கு வந்து விசாரிப்பார்கள்.

நீ நம்ம பக்கத்துப் பையன். மார்த்தாண்டம், களியக்காவிளை சர்ச் கல்யாணங்களில் மாப்பிள்ளை கோட்டில் பூவோடு நிற்பதைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பாய். இங்கிலாந்தில் அது மாப்பிள்ளைக்கு மட்டும் இல்லை. மாப்பிள்ளைத் தோழன், இரு வீட்டு அப்பாமார், அஷர்கள் எல்லாருக்கும் உண்டு. வந்திருக்கும் கூட்டம் யாரிடம் வழி கேட்பது என்று தெரிந்துகொள்வதே அந்தப் பூவை வைத்துத்தான். அதனால் கூச்சப்படாதே, அது உனக்குக் கொடுக்கிற மரியாதை.

நீ வாங்க வேண்டாம். பெண்ணின் கைச்செண்டுக்குப் பொருத்தமாக எல்லாவற்றையும் ஒரே கடையில் சொல்லிவைத்திருப்பார்கள். நீயாகப் பெரிதாக ஒன்றை வாங்கிக் குத்திக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பது நன்றாக இருக்காது.

இடது பக்கம்தான் குத்த வேண்டும். கோட்டின் காலர் மடிப்பில், அந்தப் பக்கம் பட்டன் இல்லாமல் ஒரு காஜா இருக்கும். மடிப்பைத் திருப்பிப் பார். நல்ல தையல் என்றால் காஜாவுக்குக் கீழே நூலால் சின்ன வளையம் போட்டிருப்பார்கள். காம்பை முன்னாலிருந்து காஜாவில் நுழைத்து, பின்னால் அந்த வளையத்தில் செருகிவிட்டால் பூ அசையாது, ஊசியே வேண்டாம். ரெடிமேட் கோட்டில் காஜா பெரும்பாலும் வெறும் தையல்தான், துளை இருக்காது. வாடகைக் கோட்டாக இருந்தால் பிளேடு போட்டுத் திறந்துவிடாதே. கடைக்காரர் காம்பில் பச்சை டேப் சுற்றி, முத்துத் தலை ஊசியும் தருவார். பூ மேலே, காம்பு கீழே இருக்கும்படி பிடித்து, ஊசியை மடிப்பின் பின்புறமிருந்து குத்தி, காம்பைத் துளைத்து, திரும்பப் பின்புறமே இறக்கு. முன்னால் ஊசி தெரியக் கூடாது. தனியாகச் செய்வது கஷ்டம், யாரையாவது குத்திவிடச் சொல்.

எந்தப் பூ என்று உன்னைக் கேட்டால் கார்னேஷன் என்று சொல். பூவின் அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணம் காஜாவில் கச்சிதமாக உட்காரும், நாள் முழுக்க வாடாது. ரோஜா அழகுதான், நேரு வைத்த பூ. ஆனால் அரைமொட்டாக வேண்டும், முழுக்க விரிந்தது சாயங்காலத்துக்குள் இதழ் கொட்டிவிடும். கார்டினியாவுக்கு நல்ல மணம், இதழில் விரல் பட்டாலே பழுப்பேறும். அம்மா தோவாளைப் பிச்சி கொடுத்துவிடட்டுமா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். பிச்சி சரமாகத் தொடுத்தால்தான் நிற்கும், ஒற்றையாகக் கோட்டில் நிற்காது.

கல்யாணம் நவம்பர் முதல் வாரம் என்கிறாய். அந்தச் சமயம் பலர் கோட்டில் பாப்பி என்கிற சிவப்புக் காகிதப் பூ இருக்கும். அதை அலங்காரமாக நினைத்துவிடாதே. போரில் இறந்தவர்களை நினைத்து நவம்பர் 11 வரை குத்துவது, 1921-இலிருந்து வரும் வழக்கம். பாப்பி விற்ற காசு படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது. அன்றைக்கு அதையும் குத்துவதா என்பதில் மாப்பிள்ளை வீட்டார் செய்வதைப் பார்த்து அப்படியே செய்.

அப்புறம், பூ முந்தின நாளே கைக்கு வந்தால் ஃபிரிட்ஜில் வை, ஆனால் ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு கார்னேஷனைச் சீக்கிரம் வாட்டிவிடும். வீட்டிலேயே குத்திக்கொண்டும் கிளம்பாதே. காரில் டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் சீட் பெல்ட் இடது தோள் வழியாகத்தான் வரும், பூ நசுங்கிவிடும். டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு போய், சர்ச் வாசலில் இறங்கிய பிறகு குத்திக்கொள்.