கொழும்பில் விளையாட்டுப் பொருள் கடை: ஆள் தெரிந்தால் போதுமா?

கேள்வி: கொழும்பில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடை ஒன்று தொடங்க யோசிக்கிறேன். "ஆட்களைத் தெரிந்தால்தான் இந்த வியாபாரம் ஓடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உறவுகள் உண்மையில் எந்த வகையில் உதவும்?

பதில்:

ஆள் தெரிந்தால் முதல் பில் கிடைக்கும். இரண்டாவது பில்லுக்கு அது காணாது. இந்தத் தொழிலில் ஆள் பழக்கம் விற்பதற்கு உதவுவதைவிட வாங்குவதற்குத்தான் கூடுதலாக உதவுகிறது. எந்தப் பொருள், எந்த அளவில், எந்த மாதம் தேவைப்படப் போகிறது என்பதை மற்றக் கடைக்காரருக்கு முன்னால் உங்கள் காதில் போட ஆள் இருக்கிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் இந்தக் கடைகளை மூட வைப்பது பெரும்பாலும் விற்பனைக் குறைவு அல்ல, தேங்கிய இருப்பு. கிரிக்கெட் துடுப்பு மட்டையை மட்டும் எடுங்கள். சிறுவர் அளவுகள் 1 முதல் 6 வரை, அதற்கு மேல் ஹரோ, அதற்கும் மேல் முழு அளவு. எட்டு அளவு. காஷ்மீர் வில்லோ, இங்கிலிஷ் வில்லோ என்று இரண்டு மரம் வைத்தால் பதினாறு. கையுறையிலும் காலில் கட்டும் பட்டையிலும் வலக்கை, இடக்கை, சிறுவர், இளைஞர், பெரியவர். சப்பாத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றிலும் நாலு நாலு வாங்கிப் போட்டால் போட்ட முதல் முழுக்க இராக்கையில் தூங்கும். 5 அடி 2 அங்குலத்திலிருந்து 5 அடி 6 வரை உயரமுள்ள பிள்ளைக்கு ஹரோ. அதற்குக் கீழே 4 அடி 11 வரை 6ஆம் அளவு. ஒரு பாடசாலையின் 15 வயதுக்குட்பட்ட அணிப் பயிற்றுவிப்பாளர், "இந்த முறை பொடியன்கள் எல்லாம் கட்டை" என்று தேநீர்க் கடையில் சொன்னால், ஹரோவைக் குறைத்து 6ஆம் அளவைக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம். எந்தச் சந்தை ஆய்வும் இதைச் சொல்லாது.

அடுத்தது காலம். அரச பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் முதலாம் தவணையில். றோயல் - தோமியன், வடக்கில் சென். ஜோன்ஸ் - மத்திய கல்லூரி போன்ற பாடசாலைக் கிரிக்கெட் பெரும் சமர்கள் வழக்கமாக மார்ச்சில். ஆக ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடையில் நிற்க இடமிருக்காது, ஆனால் பொருள் வரும் வழி அப்போதுதான் அடைபடும். பூப்பந்து, மேசைப்பந்துச் சாமான்கள் சீனாவிலிருந்து வருகின்றன. அங்கே புத்தாண்டு விடுமுறை ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ வந்து வாரக்கணக்கில் தொழிற்சாலைகளைப் பூட்டிவிடும். மட்டைகளும் பட்டைகளும் இந்தியாவின் மீரட், ஜலந்தர் பக்கமிருந்து. அங்கே தீபாவளியை ஒட்டித் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். உதைபந்து பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து, அங்கே பெருநாட்கள். ஆகவே ஜனவரிப் பொருளுக்கான ஓடர் செப்டெம்பரில் போக வேண்டும். செப்டெம்பரில் ஓடர் போட, எந்தப் பாடசாலை என்ன வாங்கப் போகிறது என்பது ஓகஸ்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர். சொல்வாரா என்பது நீங்கள் அவருக்கு முன்னர் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

யாரோடு பழக வேண்டும் என்பதில் புதியவர்கள் செய்யும் பிழை, அதிபரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பது. அதிபர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். கொடுப்பனவு எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் அலுவலக எழுதுவினைஞர். பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணமென்றால் செயற்குழு கூடி அங்கீகரித்த பிறகுதான் காசோலை எழுதப்படும். கூட்டம் எப்போது என்று கேட்டு, பில்லை அதற்கு முந்திய வாரமே கொடுங்கள். கூட்டத்துக்கு மறுநாள் கொண்டுபோனால் இன்னொரு மாதம் போய்விடும். விலைமனு, ஓடர் கடிதம், விலைப்பட்டியல், பொருள் கிடைத்ததற்கான கையொப்பம் நான்கும் ஒரே கோவையில் இருக்கட்டும். பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறாவிட்டால் வவுச்சர் நகராது. ஆகவே விலைப்பட்டியலில் "பந்து 12" என்று எழுதாமல், அளவும் வகையும் சேர்த்து "வலைப்பந்து, 5ஆம் அளவு, 12" என்று எழுதுங்கள். எழுதுவினைஞரின் அரை மணி நேர வேலையை மிச்சம் பிடித்துக் கொடுப்பவரை அவர் மறப்பதில்லை.

மைதானம் பார்ப்பவரையும் விட்டுவிடாதீர்கள். ஆடுகள விரிப்பின் எந்த மூலை கிழிந்திருக்கிறது, பயிற்சி வலை எத்தனை இடத்தில் ஓட்டை, உதைபந்துகளில் எத்தனை காற்று நிற்காமல் மூலையில் கிடக்கின்றன என்பதெல்லாம் பொறுப்பாசிரியருக்கே தெரியாது, அவருக்குத் தெரியும். அவரிடம் மரியாதையாக "ஐயா" என்று கதைத்து, பழுதைத் திருத்தச் சில்லறைச் சாமான் கொடுத்துதவினால், வருடத் தேவைப்பட்டியல் முன்கூட்டியே கைக்கு வரும்.

இனி, விற்ற பிறகு நடப்பது. உறவு உண்மையில் கட்டப்படுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உதைபந்தும் கரப்பந்தும் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் தரக்குறைவு அல்ல, காய்ந்த ஊசி. காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வின் உட்பக்கம் கிழியும்; இரண்டு நாளில் பந்து சப்பும்; பழி கடைக்கு. ஒரு டசின் பந்து விற்றால் இரண்டு ஊசியும் ஒரு சிறு போத்தல் கிளிசரினும் சும்மா கொடுங்கள், நனைத்துக் குத்திக் காட்டுங்கள். 5ஆம் அளவு உதைபந்துக்கு 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் என்பது விதி. கரப்பந்துக்கு அதைவிட மிகக் குறைவு, ஏறக்குறைய 0.3தான். இரண்டையும் ஒரே கல்லுப்போல இறுக்கி அடிக்கிற பழக்கத்தால் கரப்பந்து வீங்கி உருவம் கெடும். இதைச் சொல்லாமல் விற்றால் அடுத்த வருடம் அந்தப் பாடசாலை வேறு கடைக்குப் போகும், காரணமும் சொல்லாது.

இங்கிலிஷ் வில்லோ மட்டை வாங்கும் பெற்றோர் பெரும்பாலும் அதைப் பதப்படுத்த வேண்டும் என்று தெரியாமல் நேரே வலைப்பயிற்சிக்குக் கொண்டுபோவார்கள். மூன்றாம் நாள் விளிம்பு வெடிக்கும். விற்கும்போதே சொல்லுங்கள்: காய்ச்சாத லின்சீட் எண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவில் மெல்லிய பூச்சு, ஒரு நாள் இடைவிட்டு இரண்டு அல்லது மூன்று முறை, கைப்பிடி பொருந்தும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது, மட்டையைக் கிடையாக வைத்துக் காயவிட வேண்டும். பிறகு மரச்சுத்தியலால் மெதுவாகத் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம், பல நாளாகப் பிரித்துத் தட்ட வேண்டும். விளிம்புகளைச் சரித்துத் தட்டலாம், அடிமுனையை நேராகத் தட்டக்கூடாது. கடையிலேயே கூலிக்குத் தட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பிள்ளை மட்டையை எடுக்க வரும்போது கையுறையும் வாங்கும். மார்ச் ஆட்டத்துக்கு மட்டை ஜனவரியில் கையில் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பூப்பந்தில் ரக்கெற் நரம்பு கட்டும் இயந்திரம் ஒன்றுதான் கடையின் நங்கூரம். ஒரு ரக்கெற்றுக்கு ஏறக்குறைய 10 மீற்றர் நரம்பு. 200 மீற்றர்ச் சுருளில் இருபது ரக்கெற் வரும். கழக மட்டத்தில் 22 முதல் 24 இறாத்தல் இழுவை பெரும்பாலானவர்களுக்குப் போதும். "28 போடுங்க அண்ணா" என்று கேட்கும் தம்பிக்கு, ரக்கெற்றின் சட்டகத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைக் காட்டி மறுக்கும் துணிவு வேண்டும். சட்டகம் வெடித்தால் அவர் உங்களைத்தான் தேடி வருவார். கட்டிய திகதி, நரம்பு வகை, இழுவை மூன்றையும் கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த முறை வரும்போது "போன தடவை 23, சரியாக இருந்ததா?" என்று கேட்கிற கடைக்காரரை எவரும் மாற்றமாட்டார்.

இறகுப்பந்தின் வேகமும் அப்படித்தான். சூடான காற்றில் பந்து தூரம் போகும், அதனால் கொழும்பின் வெக்கையில் வேக எண் குறைந்த, மெதுவான பந்து வேண்டும். 76 பல மண்டபங்களுக்குப் பொருந்தும், குளிரூட்டிய மண்டபத்தில் 77 கேட்கலாம். ஊகிக்க வேண்டியதில்லை. 75, 76, 77 மூன்றிலும் ஒவ்வொரு குழாயை எடுத்துக்கொண்டு பயிற்றுவிப்பாளரிடம் போய், பின்கோட்டிலிருந்து கீழ்க்கை வீச்சாக முழுப் பலத்தில் அடிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீற்றர் முன்னால் விழுந்தால் அதுவே அந்த மண்டபத்துக்கான பந்து. ஒரு மாலை நேரச் செலவு. அந்த மண்டபத்தின் வருட விற்பனை உங்களுக்கு.

வழங்குநரோடு உள்ள உறவும் இதே தரத்தில் இருக்க வேண்டும். முதல் ஓடரில் ஒவ்வொரு வகையிலும் ஆறு மாதிரி மட்டும் எடுங்கள். கிரிக்கெட் பந்தைத் தராசில் வைத்துப் பாருங்கள்: ஆண்களுக்கு 156 முதல் 163 கிராம் என்பது விதி, மலிவுப் பந்துப் பெட்டியில் இரண்டு மூன்றாவது இதற்கு வெளியே நிற்கும். பழுதானவற்றைப் படமெடுத்து அனுப்பி, "அடுத்த கப்பலில் மாற்றித் தாருங்கள்" என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இந்தியாவோடும் பாகிஸ்தானோடும் இலங்கைக்குச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகள் உண்டு. உங்கள் பொருளுக்குச் சலுகை உண்டா என்று சுங்க முகவரிடம் கேளுங்கள். உண்டென்றால் பிறப்பிடச் சான்றிதழ் கப்பலோடு வரவேண்டும். அந்தக் கடதாசியை நேரத்துக்கு எடுத்துத் தருபவர் அங்கே முதலாளி அல்ல, ஏற்றுமதிப் பகுதியில் இருக்கும் ஒரு இளம் பணியாளர். அவருடைய பெயரும் வட்ஸ்அப் இலக்கமும் உங்களிடம் இருக்கட்டும்.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. பழைய விலைமனுவில் சொன்ன விலைக்குப் பொருள் கொடுக்க வேண்டிவந்த கடை எதுவானாலும் கையைச் சுட்டுக்கொண்டிருக்கும். பழகிய ஆள் என்பதற்காகத் திகதி போடாத விலைமனு கொடுக்காதீர்கள். "14 நாளுக்குச் செல்லுபடியாகும்", "வற் வரி சேர்த்து" அல்லது "சேர்க்காமல்" என்ற இரண்டு வரியும் எப்போதும் இருக்க வேண்டும்.

கடன்தான் உறவைக் குலைக்கும் இடம். 80 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு கழகம் ஒரு இலட்சம் ரூபாய்ப் பொருளை எடுத்துக் கட்டாமல் விட்டால் உங்கள் கையிலிருந்து போனது 80,000. அதைத் திரும்பப் பிடிக்க 400,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதுவும் கடை வாடகையைக் கணக்கில் எடுக்காமல். பாடசாலைக்குக் கடன் கொடுக்காமல் முடியாது, ஆனால் பழைய பில் தீராமல் புதியது கிடையாது. கழகங்களுக்கு அரைவாசி முற்பணம். சொந்தக்காரருக்கு ஒரே ஒரு கழிவு வீதம், எல்லோருக்கும் அதே அளவு, கைக்காசு. சித்தப்பா கோபிப்பார், தீபாவளிக்குள் சமாதானமாகிவிடுவார்.

பயிற்றுவிப்பாளருக்குக் கொமிஷன் கொடுப்பதா என்ற கேள்வி கட்டாயம் வரும். கொடுக்க வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. அரச பாடசாலை ஊழியர் அப்படி வாங்கினால் அது இலஞ்சம், கொடுத்தவரும் மாட்டுவார். வியாபாரக் கணக்கிலும் அது நட்டம்: கொமிஷனுக்காகப் பரிந்துரைத்தவர் கூடக் கொடுக்கும் கடைக்கு நாளை போவார், அவர் போனபின் வருபவர் உங்களை "அந்த ஆளின் கடை" என்று ஒதுக்குவார். அதே பணத்தைப் பில்லிலேயே தெரியும்படி பாடசாலைக் கழிவாக எழுதுங்கள். கூட ஏதாவது செய்ய ஆசையென்றால் ஒரு போட்டிக்குப் பந்து கொடுங்கள், அதையும் கடிதத்தோடு கொடுங்கள்.

கொழும்பின் பழைய கிரிக்கெட் கழகங்களின் பெயரைப் பார்த்தாலே விளையாட்டு இங்கே இனம் இனமாகத்தான் வளர்ந்தது என்று தெரியும்: தமிழ் யூனியன், மூர்ஸ், சிங்களிஸ், பேகர் (பறங்கியர்) ரிக்ரியேஷன். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் நடந்ததே தமிழ் யூனியனின் மைதானத்தில்தான். ஆனால் கடை அப்படி இருக்க முடியாது. வெள்ளவத்தையில் கடை போட்டுத் தமிழ்ப் பாடசாலைகளை மட்டும் நம்பினால் இரண்டாம், மூன்றாம் தவணைகளில் ஈ ஓட்ட வேண்டும். றக்பி, எல்லே என்ற நாட்டு விளையாட்டு, மென்பந்துக் கிரிக்கெட் போட்டிகள் என்று வருடம் முழுக்க வேலை தருபவை சிங்கள, முஸ்லிம் வாடிக்கையாளர்கள். கதைக்கும் அளவுக்குச் சிங்களம் கட்டாயம் வேண்டும்; முடிந்தால் கடையில் ஒரு சிங்களப் பணியாளர்.

தமிழ்க் கடைக்கென்று உள்ள ஒரு நல்ல வாய்ப்பு, வெளிநாட்டிலிருந்து ஊர்க் கழகங்களுக்குப் பொருள் வாங்கிக் கொடுப்பவர்கள். ரொறன்ரோவில் இருப்பவர் பணம் அனுப்புவார், பொருள் இரவு பஸ்ஸில் பருத்தித்துறைக்கோ மட்டக்களப்புக்கோ போகும். அவருக்கு வேண்டியது மலிவு விலை அல்ல, பொருள் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம். பொதி கட்டுமுன் பொருட்களை விரித்து ஒரு படம், பஸ் பற்றுச்சீட்டின் படம், கழகச் செயலாளர் முத்திரையோடு தரும் கடிதம். மூன்றையும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். அதை அவர் தன் ஊர்ச் சங்கக் குழுவில் போடுவார்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல்: நீங்கள் மூன்று வருடம் பழகிய பொறுப்பாசிரியருக்கு வருடாந்த இடமாற்றம் வந்துவிடும். அதனால் ஆளின் பெயரில் அல்ல, பாடசாலையின் பெயரில் கொப்பி வையுங்கள்: என்ன வாங்கினார்கள், எப்போது, எந்த அளவு, எத்தனை நாளில் காசு வந்தது, எது பழுதாகித் திரும்பியது. புதியவர் வந்த முதல் வாரத்தில் அந்தப் பட்டியலின் பிரதியோடு போங்கள். விளையாட்டு அறையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது. பிறகு பழையவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அவர் போன பாடசாலையிலும் ஒரு விளையாட்டு அறை இருக்கும்.