விழப்போவது தெரிந்தும் ஏன் சிரிக்கிறோம்?

அன்புள்ள ஐயா,

என் மகன் ரோட் ரன்னர் கார்ட்டூன் போட்டால் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். ரோட் ரன்னர் பறவையைத் துரத்துகிற கயோட்டிதான் (ஓநாய் மாதிரியான விலங்கு) விழப்போகிறது என்று ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடிவதில்லை. எதிர்பாராதது நடந்தால்தானே சிரிப்பு வரும் என்பார்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

விழும் என்பதுதான் நமக்குத் தெரியும். எந்தக் கணத்தில் என்பது தெரியாது. இயக்குநர் சக் ஜோன்ஸ் விளையாடுவது அந்த இடத்தில்தான்.

மலையுச்சிக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும் கயோட்டி, கீழே பார்க்கும்வரை விழாது. பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பி ஒரு பரிதாபப் பார்வை. பிறகு விழுகிறது. நாம் மேலிருந்து பார்க்க, உடல் சிறுத்துப் புள்ளியாகி மறைகிறது. இதற்கு ஜோன்ஸ் கணக்கே வைத்திருந்தார்: மறைவதற்கு 18 ஃபிரேம் (திரையில் ஓடும் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃபிரேம்), அதன்பின் 14 ஃபிரேம் கழித்துத் தரையில் புழுதி. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், அந்தக் காத்திருப்பு அரை நொடிக்குச் சற்று அதிகம். அப்போது கயோட்டி கண்ணில் இல்லை. அது தரையில் மோதுவதை நாமே மனசுக்குள் வரைந்துகொண்டிருக்கிறோம். வரைந்து முடிக்கிற நேரத்தில், அத்தனை பெரிய வீழ்ச்சிக்கு இத்தனூண்டு புழுதி எழுகிறது! கொஞ்சம் முந்தினால் அது வெறும் விபத்து. ஒரு நொடி பிந்தினால் கவனம் கலைந்துவிடும்.

இந்தப் படங்களைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் அன்று படம் வரையத் தொடங்கும் முன்பே, எந்த அசைவுக்கு எத்தனை ஃபிரேம் என்று இயக்குநர் தாளில் குறித்துக் கொடுத்துவிடுவார். சிரிப்பின் நேரத்தை அவர் மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இன்றும் பிரமிப்பு அதில்தான்.

நீங்கள் சொல்லும் 'எதிர்பாராதது'ம் உண்டு. 1949இல் வந்த முதல் படத்திலேயே கயோட்டி பாறையில் ஒரு சுரங்கப்பாதையை வரைந்து வைக்கிறது. பறவை மோதும் என்று பார்த்தால், உள்ளே ஓடியே போய்விடுகிறது! கயோட்டி திகைக்கிறது. அந்தத் திகைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'அப்படியானால் நிஜமாகவே வழி இருக்கிறதோ' என்று நாமும் நம்ப அது அவகாசம் தருகிறது. நம்பிய பிறகுதான் கயோட்டி பாய்ந்து ஓடிப் பாறையில் மோதுகிறது.

ஒரு வேண்டுகோள். மகனுக்கு இவற்றைக் கைபேசித் துணுக்குகளாகக் காட்டாதீர்கள். முதலில் வெட்டுப்படுவது இந்தத் திகைப்பும் பார்வையும்தான். ஆறேழு நிமிடப் படம், முழுசாகவே பார்க்கட்டும்.